ஓரகத்தி எடுக்கும் படம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு முதுகுவலியிலிருந்து கிடைத்தது. வலி என்னுடையதல்ல, புகைப்படக்காரி அரூகேயுடையது. கனத்த மர முக்காலியையும், கறுப்புத் துணி போர்த்திய பழைய பெட்டிக் கேமராவையும் ஊரெல்லாம் சுமந்து திரிந்ததில் இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டுவிட்டது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் என் அறைக்கு வந்து குப்புறப் படுத்தவள், நான் ஊசியில் மருந்தை ஏற்றுவதற்குள் பாதிக் கதையைச் சொல்லிவிட்டாள். மீதியை ஊசி வலியை மறப்பதற்காகச் சொன்னாள்.

மருத்துவம் படிக்கக் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்குக்கு வந்து, படித்து முடித்து, இந்த ஊர் ரயில்வேக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, ஏரிக்கரை ஊரான இந்தப் பாலிக்சியில் மருமகளாகிப் போனவள் நான். நான் தமிழில் எழுதுவதை இங்கே ஒருவராலும் படிக்க முடியாது. அதனால் எனக்கு ஓர் அசட்டுத் தைரியம் உண்டு. யாரையும் கேட்காமல் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "இதை நான் கதையா எழுதப் போறேன்" என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

அரூகே சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "எழுது. ஆனா நான் படம் எடுக்கிற மாதிரிதான் நீயும் எழுதணும். கதையில வர்ற ரெண்டு பேருக்கும் வாசிச்சுக் காட்டணும். வேண்டாம்னு சொன்னதை அடிச்சிடணும். அய்யோ, நல்லா வந்திருந்துச்சேன்னு பின்னாடி வந்து என்கிட்ட அழக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியவில்லை. ஆகவே இந்தக் கதையில் ஆங்காங்கே அடைப்புக்குறிகள் இருக்கும். அவற்றில் சில நானே போட்டவை. மற்றவை, அங்கே இருந்த ஒன்று எடுக்கப்பட்டதற்கான தழும்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பாலிக்சியில் அன்று பலத்த காற்று."

அடித்துவிட்டேன். பாலிக்சியில் காற்று அடிப்பது செய்தியல்ல, நின்றால்தான் செய்தி.

அடுத்து: "பூருலுக்கு நாற்பத்தாறு வயது. கணவன் மேதெர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில்..."

இந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன். முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட்டால், நீங்கள் பூருலை அந்தக் கணத்திலிருந்து பாவமாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். அப்படிப் பார்க்கப்படுவது அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. ஆனால் பாருங்கள், வாக்கியம் பாதியில் நின்றதிலிருந்தே நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஊகித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவளைப் பார்க்கும்போது மட்டும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருங்கள். அது எவ்வளவு சிரமமான வேலை என்பதுதான் இந்தக் கதை.

ஆகையால் லாரிக்காரரிடமிருந்து தொடங்குகிறேன்.

3

அரூகே பிஷ்கேக்கில் ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு லாரி மெக்கானிக்கைப் படம் எடுக்கப் போயிருந்தாள். மனிதர் கேமராவைக் கண்டதும் விறைத்துப் போய், பாஸ்போர்ட்டுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். எத்தனை முறை முயன்றும் அதே விறைப்பு. சலித்துப் போய் அவள் கேட்டாள், எப்படி எடுத்தால் அது நீங்களாக இருக்கும் என்று. அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நேரே போய் லாரிக்கு அடியில் புகுந்துகொண்டார். வெளியே தெரிந்தது இரண்டு பூட்ஸ் மட்டும். அங்கிருந்தே, இப்போது எடு என்றார்.

பத்திரிகையில் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அரூகே அதைப் பிரிண்ட் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்தாள். வாங்கிப் பார்த்த அவர் மனைவி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதுதான்மா அவரு. கல்யாணமான நாள்லேருந்து நான் பார்க்கிறது இந்தப் பக்கத்தைத்தான்."

அதன்பின் அரூகேயின் வேலை மாறிவிட்டது. எந்த இடம், என்ன உடை, பக்கத்தில் யார், எந்தப் பக்கம் பார்ப்பது, எல்லாவற்றையும் படத்தில் இருக்கப் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். கேமராவிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய் போகும். அதன் நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழ். அதை அழுத்தினால் படம் விழும். அழுத்துவதும் அவரே. அரூகே கேமராவைத் தயார் செய்து வைத்துவிட்டு நகர்ந்து போய், ஏரியையோ கூரையையோ பார்த்துக்கொண்டு நிற்பாள். பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்ததும், அவர்கள் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடலாம். எல்லாவற்றையும் கிழித்தவர்களும் உண்டு.

அப்படியென்றால் உனக்கு என்னதான் வேலை என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"முக்காலி தூக்கறது" என்றாள்.

4

தலைநகரத்தில் ஒரு கண்காட்சிக்கு இந்த ஊர் முகங்கள் கேட்டிருந்தார்கள். அரூகே பூருலிடம் போனது அதற்காகத்தான். ரயில் நிலைய வாசலில் மண் அடுப்பில் கறி வைத்த சம்சா சுட்டு விற்கிற பூருலைத் தெரியாதவர் ஊரில் கிடையாது. அடுப்புக்குள் தோள் வரை கையை விட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் சம்சாவைப் பிய்த்து எடுப்பாள். கை சுடாதா என்று கேட்பவர்களிடம், சுடும், அதற்காகத்தானே காசு வாங்குகிறேன் என்பாள்.

படம் எடுக்கச் சம்மதித்தாள். ஆனால் இங்கே வேண்டாம் என்றாள். "இங்க நிக்கிறது சம்சாக்காரி. நீ கேட்கிறது அவளை இல்லதானே? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா."

வீடு ஏரிப்பக்கம். ஒரே முற்றம், எதிரெதிராக இரண்டு வீடுகள். அண்ணன் மேதெரின் வீடு இது. தம்பி எர்கினின் வீடு அது. எர்கின் இன்னமும் ரஷ்யாவில்தான் வேலை பார்க்கிறான். இந்த வீட்டில் பூருல், அந்த வீட்டில் எர்கினின் மனைவி ஜிபார். நெடுஞ்சாலை ஓரத்தில் புகை போட்ட மீன் விற்பவள். இருவரும் ஓரகத்திகள்.*

(*கிர்கிஸில் மூத்தவளுக்கு ஒரு சொல், இளையவளுக்கு இன்னொரு சொல். தமிழில் இருவருக்கும் ஒரே சொல்தான். ஓர் அகத்தைச் சேர்ந்தவள் என்று பிரித்துப் படித்தால், அதைவிடப் பொருத்தமாக இந்த முற்றத்தைச் சொல்ல முடியாது. எனக்கும் ஓர் ஓரகத்தி உண்டு. நாங்கள் பேசிக்கொள்கிறோம், சண்டைக்கெல்லாம் அதுதான் காரணம்.)

பூருலும் ஜிபாரும் பேசிக்கொள்வதில்லை. நாலைந்து வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. இடையில் ஆக்தோஷ் என்றொரு நாய். அரூகே முற்றத்தில் முக்காலியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோதே பூருல் நாயிடம் சொல்வது கேட்டது.

"ஆக்தோஷ், ஏரிப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது. எதிர்க் கொடியில துணி கிடக்கு. சில பேருக்குக் கண்ணு தெரியாது."

எதிர்க் கதவு திறந்தது. ஜிபார் வந்து துணியை எடுத்தாள். போகிற போக்கில் அவளும் நாயிடம் சொன்னாள்.

"ஆக்தோஷ், நாளைக்குக் குழாயில தண்ணி வராதாம். சில பேர் இன்னைக்கே பிடிச்சு வெச்சுக்கலாம்."

நாய் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுப் பாதத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டது. ஜிபாரின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டில் சாப்பிடுவாள். விஷயம் பகை மாதிரித் தெரியவில்லையே என்று அரூகேவுக்குக் குழப்பமாக இருந்தது.

உள்ளே பூருல் உடை மாற்றிப் பார்த்தாள். ரோமக் காலர் வைத்த கோட்டைப் போட்டாள், கழற்றினாள். பட்டுத் தலைத்துணி கட்டினாள், அவிழ்த்தாள். கடைசியில் வீட்டில் உடுத்தும் சாதாரணப் பூப்போட்ட கவுனிலேயே வந்து நின்றாள். இடம் மட்டும் அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. உள்ளறை. நாற்காலி ஒன்றை இழுத்துச் சுவர் முன்னால் போட்டாள். வீடு முழுக்க வருஷா வருஷம் வெள்ளையடித்திருந்தது. இந்த ஒரு அறையில் மட்டும் நீலம் கலந்த பழைய சுண்ணாம்பு, திட்டுத்திட்டாகக் கிளம்பியிருந்தது.

உட்கார்ந்து, குமிழைக் கையில் வாங்கி, ஒருமுறை அழுத்தமில்லாமல் அமுக்கிப் பார்த்தாள்.

"இதை யாரு அழுத்தணும்கிறதும் நாந்தானே சொல்லணும்?"

"ஆமாக்கா."

"அப்போ எதிர் வீட்டுக்காரி வந்து அழுத்தட்டும்."

5

இனியும் தள்ளிப்போட முடியாது. சொல்லிவிடுகிறேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், மேதெர் இலையுதிர் காலத்தில் ஊருக்கு வருவதாக இருந்தது. இனிமேல் திரும்பிப் போவதில்லை, ஒரு பழைய வேன் வாங்கி ஓட்டலாம் என்று போனிலேயே முடிவு செய்திருந்தார்கள். பூருல் உள்ளறைக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தாள். சுண்ணாம்பைக் குழைத்து, நீலம் கரைத்து, ஒரு வாளி தயார் செய்தாள்.

அன்று காலையில் எர்கின் ரஷ்யாவிலிருந்து தன் மனைவி ஜிபாரைக் கூப்பிட்டான். சாரம் சரிந்துவிட்டது. அண்ணன் இல்லை. உடலை விமானத்தில் கொண்டுவர ஏற்பாடு நடக்கிறது. இங்கே இப்படிப்பட்ட செய்தியைப் போனில் சொல்வதில்லை, அதுவும் வீட்டின் இளைய மருமகள் சொல்லவே மாட்டாள். பெரியவர்கள் கூடி, சேர்ந்து வந்து, மனதைத் திடப்படுத்தி, அதற்குரிய சொற்களால் சொல்ல வேண்டும். அவர்கள் வருகிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே, அண்ணியின் போன் கையில் இல்லாமல் பார்த்துக்கொள் என்று எர்கின் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான்.

ஜிபார் முகத்தைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். பூருல் அவளைக் கண்டதும் கையில் ஒரு பிரஷ்ஷைத் திணித்தாள். நல்ல நேரத்துக்கு வந்தே, எனக்கு மேல் சுவர் எட்டவில்லை, நீ நெட்டைச்சி, ஸ்டூலில் ஏறு.

ஜிபார் ஏறினாள். அன்று முழுக்க வெள்ளையடித்தாள். மறுநாளும் அடித்தாள். பூருல் கீழே நின்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பாடினாள். நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கு இல்ல, அவர் வந்ததும் இதென்ன ஆஸ்பத்திரியான்னு கேட்பார் பாரு என்றாள்.

மறுநாள் பிற்பகல் பெரியவர்கள் வந்தார்கள். வெள்ளைத் தொப்பிகள் வரிசையாக வாசலுக்குள் குனிந்து வந்தன. பூருல் ஓடிப் போய், பார்த்து, பார்த்து, சுவர் ஈரம், மேலே ஒட்டிக்கும் என்றாள். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பாக அவள் திரும்பி ஜிபாரைப் பார்த்தாள். அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது.

[இங்கே ஒரு முழுப் பத்தி இருந்தது. துக்கக் கூடாரத்தில் பூருல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தது. "அது அவருக்காகப் பாடினது, உன் கதைக்கு இல்ல" என்றாள் பூருல். அடித்துவிட்டேன்.]

வருஷ முடிவுச் சடங்கு நடந்து, கறுப்பு உடையைக் களைந்த பிறகும் பூருல் ஜிபாரிடம் பேசவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அல்ல. அது முறை, அது அவளுக்கும் தெரியும். தன் நாத்தனார் வீட்டில் சாவு நடந்தபோது அவளே அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளுக்குத் தாங்க முடியாதது வேறு.

"ரெண்டு நாள் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நின்னாளே. நான் ஆடறதைப் பார்த்து, கூடச் சிரிச்சாளே."

6

சிரித்தாளா?

இதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. கதையின் கனம் முழுக்க இந்த ஒரு வினைச்சொல்லின் மேல் நிற்கிறது. சிரித்தாள் என்று எழுதினால் ஜிபார் கல்நெஞ்சுக்காரி ஆகிவிடுவாள். சிரிக்கவில்லை என்று எழுதினால் பூருல் வீம்புக்காரி ஆகிவிடுவாள்.

பூருலிடம் போய்க் கேட்டேன். சிரித்தாள், என் காதாலே கேட்டேன் என்றாள். ஜிபாரிடம் கேட்டேன். அவள் மீனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டே, சுண்ணாம்பு தொண்டையில் போய் இருமினேன் என்றாள். சற்றுப் பொறுத்து, சிரித்தும் இருக்கலாம் டாக்டர், அவங்க அவ்வளவு வேடிக்கையாப் பேசிக்கிட்டிருந்தாங்க என்றாள்.

ஒரு எழுத்தாளராக எனக்கு இரண்டாவது பதில் பிடித்திருந்தது. நான் ஜிபாரைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, பயந்த சுபாவம், வாயில்லாப் பூச்சி என்று எழுதி வைத்திருந்தேன். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அந்த வரியைக் கிழித்துப் போட்டேன். வாயில்லாப் பூச்சி அப்படிச் சொல்லாது.

7

அரூகே முற்றத்தைக் கடந்து ஜிபாரின் வீட்டுக்குப் போனாள். வேறு வழியில்லை, அவள் வகுத்த விதி அது. படத்தில் இருக்கப் போகிறவர் கேட்டால் கேட்டதுதான்.

ஜிபார் மீன்களை உப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கை நின்றது. முடியாது என்றாள். அக்கா முதலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். அரூகே தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். கதவருகில் வந்தபோது ஜிபாரின் குரல் பின்னால் கேட்டது.

"அந்த ரூமா?"

"ஆமா. அந்தச் சுவர் முன்னால."

ஜிபார் ஈரக் கையோடு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பிறகு அவள் சொன்னதை அரூகே எனக்குச் சொன்னபடியே தருகிறேன். ஜிபார் இதைக் கேட்டுவிட்டு, இருக்கட்டும் என்று அனுமதித்தாள்.

"முதல் நாளே சுவர் முடிஞ்சு போச்சு. ரெண்டாவது கோட் தேவையே இல்ல. நாந்தான் இன்னொரு கோட் அடிக்கலாம்க்கான்னு சொன்னேன். அவங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. இனிமே இந்த மூஞ்சியை யாரும் பார்க்கப் போறதில்லன்னு எனக்கு மட்டும் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்னு தோணுச்சு. அதுக்காக அடிச்சேன்." பின்பு, "இதை அவங்ககிட்ட சொல்லாதே" என்றாள்.

அரூகே சரி என்று சொல்லிவிட்டாள். வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபம்.

திரும்பி வந்து, ஜிபார் வரவில்லையாம் என்று பூருலிடம் சொன்னாள். பூருல் எதிர்பார்த்தவள் போலத் தலையசைத்து, பரவாயில்லை, நீயே அழுத்து என்றாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அரூகே கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள். அந்தக் கேமராவில் பின்னாலிருக்கும் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் விழும். தலைகீழாக ஒரு நாற்காலி, தலைகீழாகப் பூப்போட்ட கவுன், தலைகீழாக அந்த முகம். பின்னால் நீலம் கலந்த சுவர். இரண்டாவது கோட். எத்தனையோ முகங்களை அந்தக் கண்ணாடியில் அவள் பார்த்திருக்கிறாள். இந்த முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. பூருலுக்குத் தெரியாத ஒன்று, பூருலைப் பற்றியே, இப்போது அரூகேவுக்குத் தெரியும். அவள் துணிக்குள்ளேயே

[இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்று கேட்டது அரூகே.]

வெளியே வந்தபோது பூருல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா அவ?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"நீ இப்போ அவளை மாதிரியே பார்க்கிறே. இந்தப் பார்வையை நான் ரெண்டு நாள் பார்த்திருக்கேன். அன்னைக்கு எனக்கு அர்த்தம் தெரியல."

அரூகேவுக்கு இரண்டு வழி இருந்தது. சொல்லிவிடலாம், அல்லது ஒன்றுமில்லை என்றே சாதித்துவிடலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கதை எழுதுகிறவர்களுக்கு வயிற்றில் எதுவும் தங்காது. அரூகே மூன்றாவதாக ஒன்றைச் செய்தாள்.

"எனக்கு ஒண்ணு தெரியும்க்கா. அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல. அவங்ககிட்டயே கேளுங்க."

பூருல் எழுந்தாள். கதவைத் திறந்து முற்றத்தில் இறங்கினாள். ஏதோ சேதி சொல்லத்தான் வருகிறாள் என்று நாய் எழுந்து நின்றது. பூருல் அதைத் தாண்டிப் போனாள். எதிர் வாசலில் நின்று, கதவைத் தட்டாமல் கூப்பிட்டாள்.

"ஜிபார்."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஜிபார் வந்தாள். கையில் மீன் கத்தி, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அன்னைக்கு நான் எப்படி இருந்தேன்?" என்றாள் பூருல்.

வழக்கு விசாரணை தொடங்கிவிட்டது என்று நினைத்தாள் ஜிபார். "அக்கா, சத்தியமா நான் உங்களை..."

"அதைக் கேட்கல. நான் எப்படி இருந்தேன்னு கேட்கறேன். எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் சேர்ந்து அந்த ரெண்டு நாளை மூடிடுச்சு. பார்த்தவ நீ ஒருத்திதான்."

ஜிபார் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். தலைத்துணியைப் பின்பக்கமாகக் கட்டியிருந்தீங்க, சின்னப் பொண்ணு மாதிரி. புருவத்துல சுண்ணாம்பு தெறிச்சு வெள்ளையா இருந்துச்சு. கண்ணாடி முன்னால போய் நின்னுக்கிட்டு, ஜிபார், நான் கிழவியாயிட்டேன், வந்து பாருன்னு கூப்பிட்டீங்க. பாக்கெட்ல கேரட் வெச்சிருந்தீங்க, கடிச்சுக் கடிச்சுப் பாதியை எனக்குக் குடுத்தீங்க. ஒரு பாட்டுப் பாடினீங்க, ரெண்டாவது அடியில வார்த்தை தெரியாம அவரு பேரைப் போட்டுப் பாடினீங்க.

கணவனின் அண்ணன் பெயரை ஜிபார் வாயால் சொல்லக் கூடாது. அதனால் "அவரு பேரை" என்றாள். ஆனால் அந்த மெட்டை முனகிக் காட்டினாள்.

பூருல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் ரெண்டாவது கோட். தேவையில்லாம அடிச்சேன். நீங்க இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கணும்னு."

"தேவையில்லன்னு எனக்கும் தெரிஞ்சுது" என்றாள் பூருல். "எதுக்கு இவ இப்படி மாஞ்சு மாஞ்சு அடிக்கிறான்னு நினைச்சேன். என் மேல அவ்வளவு பிரியமான்னு நினைச்சேன்."

ஜிபார் அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

குமிழை அழுத்த ஜிபாரைக் கேட்டது தண்டனைக்காகத்தானே என்று பின்னொரு நாள் பூருலிடம் கேட்டேன். அவள் மழுப்பவில்லை. "தண்டனைதான். நல்லா நின்னு என்னை இன்னொரு தடவை பாருடின்னு. கதவு வரைக்கும் அப்படித்தான் போனேன். வாயைத் திறந்தா வேற கேள்வி வருது."

8

இருவரும் உள்ளறைக்கு வந்தார்கள். ஜிபார் கையைத் துடைத்துக்கொண்டு குமிழை வாங்கினாள். அரூகே தன் விதிப்படி வெளியே வந்து, கதவைச் சாத்தி, முற்றத்தில் நின்றாள். அவளிடமிருந்த, படம் பதியும் தகடுகள் எத்தனையோ அத்தனையையும் உள்ளேயே விட்டுவிட்டு, மாற்றும் முறையை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தாள். உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது. மழை வந்து, விட்டு, மறுபடி வந்தது. அவள் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். சுமந்து சுமந்து நொந்திருந்த முதுகு பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

பிரிண்ட் போடுகையில் அவள் பார்த்தாள். கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அடுப்பில் போட்டார்கள். கண்காட்சிக்குத் தருகிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். கண்காட்சிக்காரர்களிடம், பாலிக்சியில் ஒரு படம் எடுத்தேன், அது எடுக்கப்பட்டவர்களிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்போது ஓரகத்திகள் பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்வதால் சண்டையும் போடுகிறார்கள். போன வாரம் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் போட்ட சத்தம் ரயில் நிலையம் வரை கேட்டதாம்.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. அரூகே சொல்ல மாட்டேன் என்றாள். ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே போட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. ஆனால் கதைக்கு முடிவு வேண்டுமே. மூன்று முடிவுகள் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோனேன். தேநீரும், எண்ணெயில் பொரித்த போர்சோக்கும், பாலாடையும் வைத்தார்கள். கதை முழுவதையும் கிர்கிஸில் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அடிக்கச் சொன்னதையெல்லாம் அடித்தேன். கடைசியாக முடிவுகளுக்கு வந்தேன்.

முதல் முடிவில் பூருல் தனியாக நாற்காலியில் இருக்கிறாள், அழுதுகொண்டே சிரிக்கிறாள். பூருல் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, சினிமா மாதிரி" என்று சொல்லிப் பாலாடைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

இரண்டாவதில் ஜிபார் நாற்காலியில் இருக்கிறாள். குமிழ் பூருலின் கையில். இதைக் கேட்டதும் ஜிபார் தேநீர் ஊற்றுகிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாவதில் யாருமே இல்லை, வெறும் சுவர். பெரிய இலக்கியம் என்று நினைத்துத்தான் எழுதியிருந்தேன். பூருல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இவ்வளவு பெரிய கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்து யாராவது சுவரைப் படம் எடுப்பாங்களா டாக்டரம்மா?"

நான் தோற்றுப் போனேன். கெஞ்சினேன். வெகு தூரத்தில் என் மொழிக்காரர்கள் இருக்கிறார்கள், இவ்வளவு நேரம் படித்துவிட்டுப் படத்தில் என்னதான் இருந்தது என்று என்னைக் கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்வது என்றேன்.

பூருல் யோசித்தாள்.

"உங்க ஊர்லயும் ஓரகத்திங்க உண்டா?"

"உண்டு."

"பேசாம இருக்கிறவங்க?"

"எக்கச்சக்கம்."

"அப்போ என்னவா இருந்திருக்கும்னு அவங்களுக்கே தெரியும்" என்றாள். "நடுவுல நீ எதுக்கு?"

ஜிபார் சூடாக ஒரு கிண்ணம் தேநீரை என் முன்னால் வைத்தாள். சரி, நான் நகர்ந்துகொள்கிறேன், குமிழ் இனி உங்கள் கையில். அந்தப் படத்தில்